வாங்க, காட்டறேன்!

ஆரணிக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பட்டுச்சேலை எடுக்க. கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் நிதானமாக வருகிறவர்கள் உண்டு, அடித்த பிறகு அலறியடித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. எப்படி வந்தாலும் வேன் நிறைய வருவார்கள். இறங்கியதும் கூட்டம் இரண்டாகப் பிரியும். பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து, "அந்த மாம்பழக் கலர எடுங்க... அது இல்லீங்க, அதுக்குக் கீழ இருக்கறது" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆண்கள் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து, கடைக்காரர் கொடுத்த காபியைக் குடித்து முடித்து, டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார்கள். சேலை எடுப்பதில் அவர்களுடைய பங்கு கடைசியில்தான் வரும். அதுவும் பில் வந்த பிறகு.

இந்தப் பெஞ்சை நம்பியே ஆரணியில் ஒரு மனிதர் வாழ்கிறார். ஒருவர் என்று சொல்வது மரியாதைக்காக. தேடினால் தெருவுக்கு ஒருவர் தேறுவார். அரசு உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா, அதில் ஒன்று எழுதும். கையில் குடை. ஆரணி வெயிலில்கூட அது விரிந்து யாரும் பார்த்ததில்லை. சுட்டிக்காட்டுவதற்கென்றே வைத்திருக்கிறார். கடை வாசலில் செருப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்தே உள்ளே எத்தனை ஆண்கள் சும்மா இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுவிடுவார். பிறகு மெதுவாக உள்ளே வந்து, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்ப்பார்.

"எந்த ஊருங்க?"

இந்தக் கேள்விக்குத் தப்பிக்கிற பதில் கிடையாது. ஆற்காடு என்றால் கிளைவ் வருவார். தஞ்சாவூர் என்றால் மராட்டியர் வருவார்கள். விழுப்புரம், காட்பாடி என்றால் ரயில் வரும். அதைப் பிறகு சொல்கிறேன். லண்டனில் இருந்து லீவுக்கு வந்த மாப்பிள்ளைத் தோழன் ஒருவன், இந்த வலையில் விழமாட்டோம் என்ற தைரியத்தில் "லண்டன்" என்று சொன்னான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அட, கிளைவ் ஊரா!" என்று எழுந்தே நின்றுவிடுவார். காஞ்சிபுரம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. முகம் கறுத்து, "அங்க இல்லாத சேலையா? எதுக்கு இவ்ளோ தூரம்?" என்பார். ஆனாலும் விடமாட்டார்.

"சேல எடுக்க எப்படியும் சாயங்காலம் ஆயிடும். அதுக்குள்ள நம்ம ஊர ஒரு சுத்து சுத்திடலாம். எல்லாம் பக்கத்துலதான். வாங்க, காட்டறேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிடுவார்கள். சரித்திரத்தின் மேல் ஆசை வந்து எழுந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். டம்ளரை வைக்க ஒரு காரணம் கிடைத்ததே என்றுதான்.

முதலில் கோட்டை. கோட்டை என்றதும் செஞ்சியை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இரண்டு முறை உள்ளே போய் வெளியே வந்தும் கோட்டை எங்கே என்று கேட்பார்கள். மதில் பல இடங்களில் மேடாகிவிட்டது, அகழி பள்ளமாகிவிட்டது. உள்ளே கைலாசநாதர் கோவில் இருக்கிறது, பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானம் இருக்கிறது, மனுவோடு வரிசையில் நிற்கும் ஜனங்களும் அரசு அலுவலகங்களும் இருக்கின்றன. நம்மவருக்கு அதெல்லாம் கண்ணில் படாது. குடையை நீட்டி, "இங்கதான் ராஜா சாகிபு நின்னான், அதோ அங்க கிளைவ்" என்பார். கிளைவ் நின்றதாகக் காட்டும் இடத்தில் ஒருவர் பத்திரம் எழுதிக்கொண்டிருப்பார்.

சண்டை நடந்தது நிஜம். 1751இல் ஆற்காட்டு முற்றுகையைத் தாங்கி நின்ற ராபர்ட் கிளைவ், முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பிய சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபை விரட்டிக்கொண்டு வந்தார். கூடவே மராட்டியக் குதிரைப்படை. எதிர்ப்பக்கம் பிரெஞ்சுக்காரர்கள். டிசம்பர் 3ஆம் தேதி ஆரணி அருகே மோதினார்கள், கிளைவ் ஜெயித்தார். அப்போது அவருக்கு வயது 26. இதுவரைக்கும் நம்மவர் சொல்வதும் புத்தகங்கள் சொல்வதும் ஒன்றே. அவரிடம் உள்ள விசேஷம் அதுதான்: வருஷம், தேதி எல்லாம் கனகச்சிதமாக இருக்கும். தேதியைச் சுற்றியுள்ள மிச்சமெல்லாம் அவர் நெய்தது. கிளைவுக்கு மோர் கொடுத்தது எந்தத் தெருப் பாட்டி, அதைக் குடித்துவிட்டு அவர் என்ன சொன்னார், எந்த மொழியில் சொன்னார் என்பதெல்லாம் கேட்டால் கிடைக்கும். கேட்காவிட்டாலும் கிடைக்கும்.

"அப்புறம் 1782, ஜூன் ரெண்டாம் தேதி. ஹைதர் அலி வந்தான். இந்தப் பக்கம் வெள்ளைக்காரத் தளபதி அயர் கூட். ஒரே ஊருக்காக ரெண்டு தடவ சண்ட போட்டிருக்கான் சார்! காஞ்சிபுரத்துக்காக எவனாவது போட்டானா?"

போட்டிருக்கிறார்கள். பல்லவர் காலம் தொட்டுப் போட்டிருக்கிறார்கள். 1780இல்கூட காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் கும்பினிப் படை ஒன்றை அடியோடு அழித்தார்கள். இதைச் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. "அது புள்ளலூர் சார். காஞ்சிபுரம் இல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கோட்டையில் ஒரு வெள்ளைக்காரத் தூண் இருக்கிறது. 1790இல் ஆரணியில் இறந்துபோன கர்னல் ராபர்ட் கெல்லியின் நினைவாக எழுப்பியது. அந்தக் கர்னல் நண்பனோடு துப்பாக்கிச் சண்டை போட்டுச் செத்தார் என்றொரு கதை ஊரில் உலவுகிறது. எதற்காகச் சண்டை என்பதை நம்மவர் கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்து முடிவு செய்வார். கல்யாண மாப்பிள்ளை நின்றால் ஒரு துரைசாணிக்காக. வங்கி அதிகாரி நின்றால் கடன் பாக்கிக்காக. மைத்துனர்கள் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் பாகப்பிரிவினை. கர்னல் ஒரு முறைதான் செத்தார். முகூர்த்த மாதங்களில் வாரத்துக்கு ஒரு காரணம் சேர்கிறது.

இதற்காக நம்மவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஊர் வழக்கமே அப்படி. 'ஆனந்தபோதினி' ஆசிரியராக இருந்த ஆரணி குப்புசாமி முதலியார் இந்த ஊர்க்காரர். ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கிலேயரின் மர்ம நாவல்களை எடுத்து, லண்டன் துரைகளுக்கெல்லாம் வேட்டி கட்டி, அழகான தமிழ்ப் பெயர் வைத்து, நூறு வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டைத் தூங்கவிடாமல் செய்தவர். அவர் ஒப்பனை செய்தது வெள்ளைக்காரன் கதைக்கு. நம்மவர் வெள்ளைக்காரனுக்கே செய்கிறார்.

கோட்டை முடிந்ததும் "பக்கத்துலதான்" ஆரம்பிக்கும். இனிமேல் வேன் இல்லாமல் ஆகாது. அவர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார். டிரைவருக்கும் அவருக்கும் முதல் திருப்பத்திலேயே பகை மூளும். "லெப்டு" என்று வாயால் சொல்லிக்கொண்டே குடையை வலது பக்கம் காட்டுகிற மனிதரோடு எந்த டிரைவர்தான் சிநேகமாக இருக்க முடியும்?

சத்தியவிஜயநகரம் அரண்மனை அடுத்த நிறுத்தம். ஆரணி ஒரு ஜாகீராக இருந்தது. சத்ரபதி சிவாஜியின் தந்தை ஷாஜி காலத்தில் வேதாஜி பாஸ்கர பந்த் குடும்பத்துக்குக் கிடைத்த மானியம் என்பார்கள். நாடு விடுதலையாகி, ஜமீன்களும் ஜாகீர்களும் சட்டப்படி ஒழியும்வரை அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் கட்டிய மாளிகை, கூம்பு வளைவுகளும் தூண்களுமாக, கமண்டல நாகநதியை ஒட்டிய ஊரில் செடி முளைத்துக் கிடக்கிறது. ஊருக்குப் பெயர் தந்த மத்வ மடத்துச் சுவாமிகள் சத்தியவிஜய தீர்த்தரின் பிருந்தாவனமும் அங்கேதான். மாளிகைக்கு முன்னால் நின்று நம்மவர் பெருமூச்சு விடுவார். ஜாகீர்தார் வீட்டுக்கு ஒரே வாரிசு தான்தான் என்கிற மாதிரியான பெருமூச்சு.

பூசிமலைக்குப்பத்தில், காட்டுப் பக்கம், இன்னொரு மாளிகை. கண்ணாடி மாளிகை என்று பெயர். கண்ணாடி ஒன்றுமே மிச்சமில்லை. ஜாகீர்தார் வெள்ளைக்கார மனைவிக்காகக் கட்டியது என்று ஒரு கதை, ராத்திரியில் சலங்கைச் சத்தம் கேட்கும் என்று ஒரு கதை. "ராத்திரி நீங்க போயிருக்கீங்களா சார்?" என்று யாராவது கேட்டால், "சேச்சே, நான் எதுக்குப் போறேன்?" என்று நேர்மையாகச் சொல்லிவிடுவார். வெள்ளைக்காரி ஏன் சலங்கை கட்டினாள் என்று மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை.

நம்மவரின் மனசு நல்ல மனசு என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. கல்யாணக் கூட்டம் என்றால் நதிக்கரையில் உள்ள புத்திரகாமேட்டீஸ்வரர் கோவிலைக் காட்டாமல் அனுப்பமாட்டார். தசரதர் பிள்ளை வரம் வேண்டி வேள்வி செய்த இடம் என்பது தலவரலாறு. வந்திருப்பவர்கள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவர்கள், தாலி கட்ட இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. "வந்த கையோட வேண்டிக்கிட்டுப் போயிடுங்க மாப்ள" என்பார். மாப்பிள்ளையின் வருங்கால மாமனார் நதியைப் பார்க்கத் திரும்பிக்கொள்வார். நதியில் பெரும்பாலும் பார்க்கத் தண்ணீர் இருக்காது.

போளூர்ப் பக்கம் திருமலை வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிற நாளும் உண்டு. சமணர்களின் தலம். பாறையில் செதுக்கிய நேமிநாதர், 16 அடிக்கு மேல் உயரம், தமிழ்நாட்டுச் சமணச் சிற்பங்களிலேயே உயரமானது என்கிறார்கள். ராஜராஜனின் அக்கா குந்தவை பெயரால் அங்கே ஒரு ஜினாலயம் உண்டு. சிவன் கோவில்களுக்கு அள்ளிக் கொடுத்த ராஜகுமாரியின் பெயரில் ஒரு சமணக் கோவில் இருப்பதை எத்தனையோ வருஷமாக இவர் தொண்டை வற்றச் சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. 2022இல் பொன்னியின் செல்வன் படம் வந்தது, குந்தவையாகத் திரிஷா வந்தார். இப்போது "திரிஷா பேருல கோவில்" என்று மட்டும் சொல்கிறார். வேன் தானாகத் திரும்புகிறது.

படவேட்டையும் பூண்டிப் பொன்னெழில்நாதர் கோவிலையும் தேவிகாபுரத்தையும் இங்கே விட்டுவிடுகிறேன். அவர் விடமாட்டார்.

வழியெல்லாம் சில்லறை அதிசயங்கள் வேறு. அதில் தலையாயது ரயில். ஆரணி ரோடு என்று ஒரு ரயில் நிலையம், விழுப்புரம்–காட்பாடிப் பாதையில் இருக்கிறது. பெயர்தான் ஆரணி ரோடு. இருப்பது களம்பூரில். ஆரணிக்கு ரயில் டிக்கெட் எடுத்து இறங்கியவர்கள் அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். "வெள்ளைக்காரன் ரோடுன்னு பேரு வெச்சா, இன்னும் ரோட்டுலதான் போவணும்னு அர்த்தம் சார்" என்று விளக்குவார். நான் கேட்டதிலேயே தெளிவான ரயில்வே விளக்கம் இதுதான். திண்டிவனத்தில் இருந்து நகரிக்கு ஆரணி வழியாகப் புதுப் பாதை என்று அறிவித்து வருஷங்கள் ஓடிவிட்டன. அந்தப் பாதையில் முதல் ரயில் எந்தப் பக்கமாக வளைந்து வரும் என்று இவர் குடையால் மண்ணில் கோடு போட்டுக் காட்டுவார். கோடு அவர் வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு போகும்.

ரயிலை விட்டால் களம்பூர் எதற்குப் பேர்போனது என்றால் அரிசிக்கு. ஆரணிச் சுற்றுவட்டார அரிசி ஆலைகளின் புகழும் பட்டின் புகழுக்குக் குறைந்ததில்லை. இதைச் சொல்லும்போது எல்லோருக்கும் பசி வந்துவிடும். நம்மவர் அதைச் சரித்திர ஆர்வம் என்று எடுத்துக்கொள்வார்.

இன்னோர் அதிசயம், ஆரணி இரண்டு. திருவள்ளூர் மாவட்டத்தில் பெரியபாளையம் பக்கத்தில் ஒரு ஆரணி, அங்கேயும் நெசவு உண்டு. "அது சும்மா ஆரணி" என்பார் நம்மவர். அந்த ஊரிலும் ஒரு ஓய்வுபெற்றவர் குடையோடு நின்று நம் ஆரணியைப் பற்றி இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இத்தனையும் காட்டுகிறவர் ஒன்றை மட்டும் காட்டமாட்டார். தறியை.

கவனித்துப் பார்த்தால் தெரியும். கோட்டையில் இருந்து கடைவீதிக்குத் திரும்பும்போது நெசவாளர் தெரு வழியாகத்தான் வரவேண்டும். வீட்டுக்கு வீடு உள்ளே இருந்து டக்... டக் என்று சத்தம். வேனில் இருக்கும் ஏதாவது ஒரு குழந்தை, "தாத்தா, அது என்ன சத்தம்?" என்று கேட்டுவிடும். கிளைவின் மோருக்குக் கால்மணி நேரம் எடுத்துக்கொண்டவர் இதற்கு இரண்டே சொல்லில் பதில் சொல்வார்: "தறி பாப்பா." அப்புறம் டிரைவரிடம், "நேரா போங்க."

குழந்தைகள் நேராகப் போகிற ஜாதி இல்லை. இறங்கி ஓடி ஒரு வாசலில் எட்டிப் பார்க்கும். உள்ளே இருக்கும் அம்மாள், "வா கண்ணு, உள்ள வா. செருப்ப மட்டும் அங்கயே வுட்டுடு" என்பார். அத்தோடு வேன் நின்றுவிடும்.

கூடமே தறி. தரையில் குழி, குழியில் கால், காலடியில் மிதி. நெய்கிறவர் இடுப்பளவு பூமிக்குள் இருக்கிறார். ஊடை சுற்றிய தாரோடு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது. கோர்வைச் சேலையாக இருந்தால் உடம்புக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா. எதிர்ப்பக்கத்தில் அதை வாங்கித் திருப்பி எறிய இன்னொரு கை வேண்டும். பெரும்பாலும் அது மனைவியின் கை. பட்டு கர்நாடகத்தில் இருந்து வருகிறது, ஜரிகை சூரத்தில் இருந்து வருகிறது. ஒரு பாவு போட்டால் இரண்டு மூன்று சேலை இறங்கும். அது தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் நுனிகளோடு ஒவ்வொன்றாக, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. ஒன்று தவறினாலும் அது சேலையில் கோடாகத் தெரியும்.

தறிக்கு மேலே, உத்தரத்தோடு ஒட்டி ஒரு பெட்டி. அதில் இருந்து ஓட்டை போட்ட அட்டைகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. மிதியை அழுத்தும்போதெல்லாம் ஒரு அட்டை நகர்கிறது. எந்த இழை எழ வேண்டும், எது படுக்க வேண்டும் என்பதை ஓட்டை சொல்கிறது. மயிலும் மாங்காயும் அந்த ஓட்டைகளில்தான் இருக்கின்றன. ஜக்காடு பெட்டி. பிரான்சில் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804இல் கொண்டுவந்த சாதனம். கம்ப்யூட்டருக்கு முதலில் கட்டளை கொடுக்கப் பயன்பட்ட துளை அட்டைகளுக்கு இதுதான் முன்னோடி. இப்போது அட்டைக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரே வந்து பெட்டிக்குள் உட்காரத் தொடங்கிவிட்டது. பேரன் வீட்டுக்குத் திரும்பி வந்த கதை.

1751இல் பிரெஞ்சுக்காரனை ஆரணியில் தோற்கடித்துத் துரத்தியதை நம்மவர் எத்தனை விதமாகச் சொல்கிறார்! அந்தப் பிரெஞ்சுக்காரனின் பெட்டி அதே ஆரணியில் வீட்டுக்கு வீடு உத்தரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒரு தடவை சொல்லியிருந்தால், அவருக்கு நானே ஒரு சால்வை போர்த்தியிருப்பேன்.

குழந்தை உள்ளே நாடாவைத் தொட்டுப் பார்க்கிறது, பெரியவர்கள் போன் எடுத்துப் படம் பிடிக்கிறார்கள். அவர் எங்கே? வாசல் திண்ணையில், குடையை மடியில் வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தேதி கிடையாது, துரை கிடையாது, பேய் கிடையாது.

உள்ளே இருக்கும் அம்மாள்தான் விஷயத்தை உடைப்பார்: "மாமாவா? அவரு அப்பாரும் தறிக்காரருதான். இவர் படிச்சுட்டு ஆபீசுக்குப் போயிட்டாரு." அப்பா குழிக்குள் உட்கார்ந்து, பிள்ளை இறங்கிவிடக் கூடாது என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். பிள்ளையும் இறங்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகும் இறங்கவில்லை. திருமலையில் 16 அடி உயரத்தை அண்ணாந்து காட்டுகிற மனிதருக்கு, இரண்டடிப் பள்ளத்தைக் குனிந்து காட்டக் கூச்சம்.

கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார். "அது தெனம் இருக்கறதுதானே சார்" என்பார். எனக்கு அந்த இடத்தில்தான் அவரோடு சண்டை. தினம் இருக்கிறதா? குழியில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால், தன் பிள்ளை பக்கத்து ஊர்க் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறான், தனக்குப் பிறகு இந்தத் தறியில் ஆள் இல்லை என்பார். கோட்டை மேடாகப் பல தலைமுறை ஆனது. தறிக்குழியை மூட ஒரு மூட்டை சிமெண்டு போதும், டைல்ஸ் போட்டால் கூடம் விசாலமாகிவிடும். பல வீடுகளில் விசாலமாகியும் விட்டது. அப்புறம் நம்மவரின் பேரன் குடையோடு வந்து, "இங்கதான் தறி இருந்துச்சு, அதோ அங்க நாடா" என்று காட்டுவான். தேதி சரியாக இருக்கும்.

காஞ்சிபுரத்தின் மேல் நம்மவருக்கு உள்ள கோபத்துக்கும் காரணம் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறது. ஆரணியில் நெய்த சேலை வேறு ஊர்க் கடைகளில் காஞ்சிபுரம் என்ற பேரில் விலைபோகிறது என்பது நெசவாளர்கள் காலங்காலமாகச் சொல்லும் குறை. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த சில வருஷங்களில் ஆரணிப் பட்டுக்கும் கிடைத்தது. குறியீடு கிடைத்தது, கடையில் கேட்கிறவர்கள்தான் இன்னும் "காஞ்சிபுரமா?" என்று கேட்கிறார்கள். கிளைவுக்கு மோர் கொடுத்த பாட்டியை விட்டுவிட்டு, இந்த வழக்கை அவர் எடுத்து வாதாடினால் ஊரே அவர் பின்னால் நிற்கும். அவரோ காஞ்சிபுரத்தைப் போர்க்களத்தில் தோற்கடித்தால் போதும் என்று இருக்கிறார்.

சாயங்காலம் வேன் கடைக்குத் திரும்பும். பெண்கள் மாம்பழக் கலரில் இருந்து புறப்பட்டு, மூன்று ரேக்குகளைக் கீழே இறக்கி, மறுபடி மாம்பழக் கலருக்கே வந்திருப்பார்கள். நம்மவருக்குப் பணம் கொடுக்க யாராவது பையில் கைவிட்டால் அவமானப்பட்டுப் போவார். "நம்ம ஊருக்கு வந்தவங்க..." என்று குரல் தழுதழுக்கும். போன் நம்பர் மட்டும் வாங்கிக்கொள்வார். இலவசம் என்று எண்ணி ஏமாற வேண்டாம். மறுநாள் விடிவதற்குள் உங்கள் வாட்ஸப்பில் ஒரு ரோஜாப்பூவும் 'இனிய காலை வணக்க'மும் வந்து நிற்கும். அது ஆயுளுக்கும் வரும்.

ஆரணிக்குச் சேலை எடுக்கப் போகிறவர்கள் கோட்டைக்கும் அரண்மனைக்கும் அவரோடு தாராளமாகப் போய் வாருங்கள். அவரைவிட்டால் அந்த மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பரிந்து பேச வேறு ஆளில்லை. நெசவாளர் தெருவில் மட்டும் குழந்தையை முன்னால் இறக்கிவிடுங்கள். உள்ளே போனதும், "இதே சேலை, கடையைவிடக் குறைச்சுக் கொடுப்பீங்களா?" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் கூலிக்கு நெய்கிறவர். பாவும் ஜரிகையும் முதலாளி கொடுத்தது, முடிந்த சேலையும் முதலாளிக்கே போகிறது. விலை சொல்லும் அதிகாரம் அவர் கையில் இல்லை.